நூற்றுப்பன்னிரண்டு தருணங்கள்

கார் ஓய்ந்து, கூதிர் முதிர்ந்து, முன்பனி வாயிலில் வந்து நின்றுகொண்டிருந்தது. கூரை விளிம்புகளில் மழையின் கடைசித் துளிகள் விழ மனமின்றித் தொங்கின. காலைகள் தாமதமாக விடிந்தன. விடிந்த பின்னும் ஒளி, போர்வையை விலக்க விரும்பாதவர் போல, நெடுநேரம் மூட்டத்துக்குள்ளேயே கிடந்தது. தெருவோர மரங்கள் நனைந்த மௌனத்தில் நின்றன. நடந்து போகிறவர்கள் தம் மூச்சைத் தமக்கு முன்னால் வெண்புகையாகக் கண்டு, தாம் உயிரோடிருப்பதை ஒருகணம் உணர்ந்து, வழக்கம்போல் அதை மறந்து நடந்தார்கள். பிரிந்தவர் நெஞ்சு நோகும் பருவம் இது என்று பழம்பாடல்கள் சொல்லும். சேரப்போகிறவர் நெஞ்சும் இப்பருவத்தில்தான் படபடக்கும் என்பதை அவை சொல்லாமல் விட்டன. அக்காலத்தில் மண்டபத்தை முன்பதிவு செய்யும் தொல்லை இல்லாதிருந்திருக்கலாம்.

இத்தகைய புனிதமான பருவத்தின் முதல் திங்கட்கிழமையன்று, மணவிழா நிழற்படப் பேரவை தன் ஆண்டுச் சேர்க்கையைத் தொடங்கும். மூன்று மாடிக் கட்டடம். நுழைந்ததும் எதிர்ச்சுவரில் முன்னாள் தலைவர்கள் பதினொருவரின் படங்கள். பதினொருவரும் ஒரே நாற்காலியில், ஒரே கோணத்தில், ஒரே புன்னகையோடு அமர்ந்திருந்தார்கள். ஏழாமவர் காலமான பிறகு எடுக்கப்பட்டவர் என்று காவலாளி சொல்வார். எது ஏழாவது படம் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

அந்நகரில் பேரவையின் அட்டை இல்லாத எவரும் மணமண்டபத்துக்குள் கேமராவோடு நுழைய முடியாது. விருந்தினரின் கைபேசிகளும் வாயிலிலேயே துணிப்பையில் போட்டுக் கட்டப்படும். ஆகவே ஒருவர் தம் மனைவியின் முகத்தைத் திருமணநாளில் எப்படி நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை, பேரவை ஒன்றுக்கே உரியதாயிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை வரிசையில் ஒன்பதாவதாக நின்றவர் எக்ஸ்ரே அக்கா. வயது நாற்பத்து நான்கு. பதினாறு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில், நாளொன்றுக்கு அறுபது பேரிடம், “மூச்சை இழுத்துப் பிடிங்க… விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதனால் வந்த பெயர். போன ஆண்டு மருத்துவமனை வாங்கிய புது இயந்திரம் அவ்விரு தொடர்களையும் தானே பேசியது. அக்காவைவிட இனிமையாகவும் பேசியது. அக்கா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறகு ஒரு பழைய கேமராவை வாங்கி, அக்கம்பக்கத்தாரை வெளிப்பக்கமாகப் படம் எடுக்கத் தொடங்கினார். இத்தனை காலம் மனிதர்களின் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்ததில் அவருக்குச் சற்றுக் கண்கூச்சம் இருந்தது. படங்கள் நன்றாக வந்தன.

ஆனால் பேரவையின் வாசலுக்கு அவரை அனுப்பியது அந்த நன்றாக வந்த படங்கள் அல்ல, அண்ணன் மகள். பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவளது வலப்பக்க முகத்தின் அசைவையும் கூடவே எடுத்துப் போய்விட்டது. அவள் சிரித்தால் இடப்பக்கம் மட்டும் சிரிக்கும். வலக்கண் முழுதாக மூடாது. மற்றபடி வாய் மிக நன்றாக வேலை செய்தது. மூன்று மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவான அன்று, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அத்தை, என் படத்தையெல்லாம் வரிசையா எடுத்து வச்சுப் பாத்தேன். ஸ்கூல், காலேஜ், வேலைக்குச் சேர்ந்த நாள். எல்லாத்துலயும் வலது பக்கம் திரும்பியே நிக்கிறேன். அங்க இருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி.”

“ம்.”

“யாரும் கூப்பிடலை அத்தை.”

அக்கா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

“கல்யாணத்துலயாவது நான் நேராப் பாக்கணும். நீங்கதான் எடுக்கணும். வேற யாரு வந்தாலும் தாடையைப் பிடிச்சுத் திருப்பிடுவாங்க.”

“எனக்கு அட்டை இல்லையேம்மா.”

“போய் வாங்குங்க. ஊர்ல பாதிப் பேரோட விலா எலும்பு உங்களுக்குத் தெரியும். ஒரு அட்டை வாங்க முடியாதா.”

அவ்வாறே அக்கா ஒன்பதாவதாக நின்றார். நேர்காணல் செய்தவர் பேரவையின் செயலர். தலை நிமிராமலே எழுதும் கலையில் தேர்ந்தவர்.

“இதுக்கு முன்னாடி எத்தனை பேரைப் படம் எடுத்திருக்கீங்க?”

“ஒரு மூணு லட்சம் பேர் இருக்கும் சார்.”

செயலர் நிமிர்ந்தார். அவர் நிமிர்ந்ததை அலுவலகத்தில் மூன்று பேர் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள்.

“அவங்க சிரிச்சாங்களா?”

“எக்ஸ்ரேல பல்லு மட்டும் தெரியும் சார். அது எல்லாரும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்.”

செயலர் படிவத்தில் ‘சிரிப்பு: ஐயத்துக்கு இடமானது’ என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

தொடக்க விழாவில் தலைவர் பேசினார். அவர் கேமராவைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைத் தொடுவது தலைமைக்குப் பொருந்தாது என்பது அவரது கொள்கை. பருத்த மேனி, மெல்லிய குரல், நிறுத்தற்குறி அரிதாக விழும் பேச்சு.

“மத்தவங்களுக்குக் கல்யாணம்னா ரெண்டு பேர் சேர்றது நமக்குக் கல்யாணம்னா ரெண்டு பேரும் வெளிச்சமும் சேர்றது வெளிச்சம் சரியில்லைன்னா அந்த ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பிரயோசனம். அவங்களுக்கு அது ஒரு நாள். நமக்கு அது தொழில். ஒரு நாள் கூத்துக்கு வர்றவங்க சொல்றதை, தினம் கூத்து நடத்துறவங்க கேக்கணுமா?”

இவ்வாறு ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். இடையே இருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்விரு இடங்களிலும் கைதட்ட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

முதல் மாதம் கேமராவைத் தொட அனுமதியில்லை. பாடத்தின் பெயர் ‘முதுகு’. மணமக்களுக்கும் விருந்தினருக்கும் நடுவில், விருந்தினர் எவருக்கும் எதுவும் தெரியாதபடி நிற்கும் முறையைச் செயலரே நேரில் கற்பித்தார். சுவரோரமாக நாற்பது நாற்காலிகள் போடப்பட்டு, அவற்றில் பேரவை ஊழியர்கள் விருந்தினராக அமர்ந்தார்கள். மாணவர் ஒவ்வொருவராக எதிரில் போய் நிற்க வேண்டும். ஊழியர்களில் எத்தனை பேருக்கு மேடை தெரிகிறதோ அத்தனை மதிப்பெண் குறையும்.

“நீங்க ஒல்லி,” என்றார் செயலர் அக்காவிடம், வருத்தத்தோடு. “உங்களைத் தாண்டி கல்யாணமே தெரியுது.”

“விருந்தாளிங்க அதைப் பாக்கத்தானே சார் வர்றாங்க?”

“அப்படி அவங்க நெனைக்கிறாங்க. ஆறு மாசம் கழிச்சு ஆல்பத்துல பாப்பாங்க. அன்னிக்கே பாத்துட்டா ஆல்பத்தை யாரு பாப்பா?”

தோள்பட்டையில் பஞ்சடைத்த கறுப்பு மேலங்கி ஒன்று அக்காவுக்கு வழங்கப்பட்டது. அதை அணிந்து, இரு லைட் ஸ்டாண்டுகளையும் அகலப் பிடித்து, வெளிச்சம் பரப்பும் குடை ஒன்றையும் விரித்தபோது நாற்பதில் முப்பத்தெட்டுப் பேருக்கு மேடை மறைந்தது. தேர்ச்சி.

இரண்டாம் மாதப் பாடம் ‘நிறுத்தல்’. நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்தி, மீண்டும் நடத்தி, மறுபடியும் நிறுத்துதல். மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திடும்போது எந்த எழுத்தில் ‘ஒரு நிமிஷம்’ என்று கூவ வேண்டும், மணமகளின் தாய் மகளை அணைக்க வரும்போது எத்தனையாவது அடியில் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பனவெல்லாம் படம் போட்டு விளக்கப்பட்டன.

“ஒரு தடவை கையெழுத்துப் போட்டா அது சட்டம்,” என்றார் செயலர். “ஏழு தடவை போட்டா அது கலை.”

ஏழாவது முறை கையெழுத்திட மறுத்து எழுந்து போன ஒரு மணமகனைப் பற்றி ஒரு தனி வகுப்பே நடந்தது. அவர் போவதையும் மூன்று முறை போகச் சொல்லிப் படமெடுத்த உறுப்பினருக்குப் பேரவை அவ்வாண்டு பதக்கம் அளித்திருந்தது.

மூன்றாம் மாதம் கேமரா கைக்கு வந்தது. அதனோடு புன்னகைக் குழுவின் அமைப்பாளரும் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் கண்ணாடி போன்ற ஓர் அளவுகோல் வைத்திருப்பார். அதில் மெல்லிய கோடுகள். படத்தின் மேல் அதை வைத்தால் உதட்டின் இரு முனைகளும் ஒரே கோட்டைத் தொட வேண்டும். தெரியும் பற்கள் ஆறுக்குக் குறையாமலும் எட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அவ்வாறு இராத புன்னகை, பேரவையின் மொழியில், ‘நேர்ந்துவிட்ட முகம்’. அமைப்பாளர் சிரித்து எவரும் பார்த்ததில்லை. தம் புன்னகையைத் தாமே ஒருமுறை அளந்துவிட்டார் என்று மாணவரிடையே பேச்சு.

அக்கா கை உயர்த்தினார். “சார், ஒரு பக்கம் மட்டும் சிரிக்க முடிஞ்சவங்க இருக்காங்க. அவங்களை?”

“திருப்பணும்.”

“நேரா எடுக்கக் கூடாதா?”

“அம்மா, கடவுள் மனுஷனுக்கு ரெண்டு கன்னம் கொடுத்திருக்கார். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னு. நல்ல பக்கத்தைக் கேமராவுக்குக் கொடுக்கணும். கெட்டதைச் சுவத்துக்குக் கொடுக்கணும்.”

“அந்தப் பக்கமும் கல்யாணத்துக்கு வந்திருக்குமே சார்.”

அமைப்பாளர் சற்று யோசித்தார். “கல்யாணத்துக்கு வரலாம். ஆல்பத்துக்கு வரக் கூடாது.”

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்கா பேருந்தை விட்டுவிட்டு நடந்தார். எதிரில் வந்த முகங்கள் ஒன்றில்கூட இரு பக்கமும் ஒத்திருக்கவில்லை. ஒரு புருவம் உயர்ந்தவர், மூக்கு இடம் சாய்ந்தவர், ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழுந்தவர். பதினாறு ஆண்டு பார்த்த நெஞ்சுக்கூடுகள் நினைவுக்கு வந்தன. அவற்றிலும் இதயம் நடுவில் இருந்ததில்லை. எல்லாருக்கும் ஒரு பக்கமாகத்தான் இருந்தது. இதை அமைப்பாளரிடம் சொன்னால் இதயத்தையும் திருப்பச் சொல்வார் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டார். அட்டை வேண்டும்.

தேர்வு, திருமணத்துக்கு எட்டு நாள் முன்பு நடந்தது. பேரவையின் மூன்றாம் மாடியில் ஒரு முழுநீள மண்டபம் உண்டு. அங்கே நாள்தோறும் மாதிரித் திருமணம் நடக்கும். அதற்கென நிரந்தர மணமகள் ஒருவரும், நிரந்தர மணமகன் ஒருவரும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டிருந்தார்கள். பதினொரு ஆண்டுகளில் நாலாயிரத்துச் சொச்சம் முறை ஒருவரையொருவர் மணந்தவர்கள். பணிச்சுமை காரணமாக இருவருமே இன்னும் திருமணம் செய்துகொள்ளவில்லை. நிரந்தரத் தந்தையும் உண்டு; பட்டியலின் நாற்பத்தொன்றாம் தருணத்தில் அவர் கண்ணீர் விட வேண்டும். எட்டு ஆண்டுகளாகத் தமக்கு மறுக்கப்பட்ட பதவி உயர்வை நினைத்துக்கொள்வார், தவறாமல் வரும்.

பட்டியல் என்பது அங்கீகரிக்கப்பட்ட தருணங்களின் பட்டியல். மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு. மணமக்கள் பார்த்துக்கொள்வது பதினேழாவது. பார்க்காதது போல் பார்த்துக்கொள்வது பதினெட்டாவது. எதிர்பாராத சிரிப்பு அறுபத்து மூன்றாவது; அது நிகழ ஆறு நொடி முன்னதாக மணி அடிக்கப்படும்.

அக்கா பதினாறு வரை குறையின்றி எடுத்தார். முதுகால் மறைத்தார், ‘ஒரு நிமிஷம்’ என்று இருமுறை கூவினார். பதினேழுக்காக மணமக்கள் எதிரெதிரே நின்று, பழக்கப்பட்ட முகங்களைப் பழக்கப்பட்ட கோணத்தில் பொருத்தினார்கள். கேமராவுக்குள் அவை இரு பூட்டிய வீடுகள் போல் தெரிந்தன. அக்காவின் வாய் அவரைக் கேளாமலே திறந்துகொண்டது.

“மூச்சை இழுத்துப் பிடிங்க.”

இருவரும் பிடித்தார்கள்.

“விடுங்க.”

விட்டார்கள். நெடுநாள் பிடித்துவைத்திருந்த மூச்சு. தோள்கள் இறங்கின, முகங்கள் தாமாக இறங்கி, தம் இடத்தில் அமர்ந்தன. நிரந்தர மணமகள் எதிரில் நின்றவரை உற்றுப் பார்த்தார்.

“உங்களுக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?”

“நாலு வருஷமாச்சு.”

“சொல்லவே இல்லை.”

“நீங்க எங்க என்னைப் பாத்தீங்க. லென்ஸைத்தானே பாப்பீங்க.”

நிரந்தர மணமகள் சிரித்துவிட்டார். மணி அடிக்கவில்லை. அக்கா அழுத்திவிட்டார்.

மறுநாள் மூவர் குழு கூடியது. திரையில் அந்தப் படம் ஒளிர்ந்தது. செயலர் பட்டியலை இருமுறை புரட்டி, “இது எந்த எண்ணுலயும் வரலைங்கய்யா,” என்றார். அமைப்பாளர் திரையருகே போய் அளவுகோலை வைத்துப் பார்த்து, ஏதோ சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். எவரும் கைதட்டாததால் இன்னொரு முறை துடைத்தார்.

“அம்மா, உங்க படத்துல உயிர் இருக்கு. அதுதான் குறை. உயிரை அவங்க வீட்டுல தினம் பாக்குறாங்க. நம்மகிட்ட வர்றதே அது இல்லாம ஒரு படம் வேணும்னுதான். முப்பது வருஷமா இந்தப் பேரவை ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் போட்டுட்டு இருக்கு. முகம் மட்டும்தான் மாறும். அதையும் மாத்தாம இருக்க வழி பாத்துட்டு இருக்கோம். இந்த நேரத்துல நீங்க வந்து, என் ஊழியர் ரெண்டு பேரைப் பேச வச்சுட்டீங்க. நேத்து சாயந்தரம் ஒரே குடையில போயிருக்காங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் லீவு. பதினொரு வருஷ ஒழுங்கு. எங்களுக்கு இன்னிக்கு மணமக்கள் இல்லை.”

“ஐயா, அட்டை?”

“உங்களுக்கு நான் ஒரு சான்று தர்றேன். பூட்டு, பாத்திரம், பழுதான வாகனம் இதையெல்லாம் எடுக்கலாம். எதிர்காலம் இருக்கு.”

அன்று மாலை அக்கா சான்றை மேசைமேல் வைத்தார். அண்ணன் அதை எடுத்துப் படித்தார், படித்து, மகளைப் பார்க்காமல், “சரி விடு. பேரவை ஆளே வரட்டும். கொஞ்சம் திரும்பி நின்னா என்ன இப்போ. ஒரு நாள்தானே,” என்றார்.

“இருபது வருஷமா ஒரு நாள்தானேன்னுதான் திரும்பினேன் அப்பா.”

“மண்டபம் பேசியாச்சும்மா.”

“மண்டபத்துலதானே அட்டை கேக்குறாங்க. மண்டபமே வேணாம்.”

மாப்பிள்ளை மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஓர் அறை. உதிரிச் சக்கரங்களை இறக்கினால் முப்பது பேர் நிற்கலாம். அவனிடம் கேட்டபோது அவன் உடனே ஏணியை எடுத்து வந்து சக்கரங்களை இறக்கத் தொடங்கினான். “வெள்ளையடிச்சுடவா?” என்று மட்டும் கேட்டான்.

திருமண நாள். அறையில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. முப்பது பேருக்குப் பதில் ஐம்பது பேர். பதிவாளர் அம்மையார் வந்து, மூட்டுவலியால் முதலில் உட்கார்ந்து, பதிவேட்டைத் திறந்து, அடுத்த கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று சொன்னார். அக்கா சாளரத்தின் அருகே நின்று கேமராவைக் கையில் எடுத்தார். பஞ்சடைத்த மேலங்கி அணிந்திருக்கவில்லை.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். பேரவையின் பறக்கும் படை அலுவலர் மேலே வந்தார். சுற்றறிக்கை ஒன்றை உயர்த்திப் படித்தார். கூரையும், அதன்கீழ் மணம் கொள்ளும் எண்ணமுடைய இருவரும் உள்ள எவ்விடமும் இனி மண்டபமாகவே கருதப்படும். ஆகவே அட்டையில்லாத கேமரா பறிமுதல் செய்யப்படும்.

“நேத்துப் போட்டதுங்க,” என்றார், சற்றுக் கூச்சத்தோடு.

அண்ணன் முகம் வாடியது. அக்கா கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். ஆனால் பறிமுதலுக்கும் விதி உண்டு. தலைவரின் வாய்மொழி ஆணை வேண்டும், தலைவர் பேசி முடிக்கும்வரை அலுவலர் நின்றபடி, கவனம் சிதறாதிருக்கச் சுவரைப் பார்த்துக் கேட்க வேண்டும், இடையில் துண்டிக்கலாகாது. அலுவலர் கைபேசியை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“ஐயா, வணக்கங்கய்யா. இடத்துல இருக்கேன். ஆணை வேணும்.”

“சார்,” என்றாள் மணப்பெண். “கேமராவை எடுத்துக்கோங்க. தப்பில்லை. போறதுக்கு முன்னாடி ஐயாகிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேட்டுடுங்க. கலைன்னா என்ன?”

அலுவலரின் பின்கழுத்து வெளுத்தது. “அதை மட்டும் கேக்காதீங்கம்மா,” என்று மெல்லச் சொன்னார்.

“நல்ல கேள்வி,” என்றது கைபேசி.

மணப்பெண் பதிவாளரிடம் திரும்பினாள். “நாம ஆரம்பிக்கலாம் மேடம்.”

“கலைன்னா மூணு வகை,” என்றது கைபேசி. “முதல் வகை நான் எடுத்தது. ரெண்டாவது, நான் எடுக்கச் சொன்னது. மூணாவது வகை இருக்கறதா சில பேரு சொல்றாங்க. முதல் வகையை எடுத்துக்குவோம்.”

பதிவாளர் இருவரின் சம்மதத்தையும் கேட்டார். இருவரும் சொன்னார்கள். ஒரு முறைதான் சொன்னார்கள்; அக்கூட்டத்தில் பலர் ஒரு சம்மதத்தை மறைப்பின்றிக் காண்பது அதுவே முதல் தடவை.

“ஒரு தடவை ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணம்,” என்றது கைபேசி. “நான் மேடையில ஏறினதும் மந்திரியே எழுந்து நின்னுட்டார். ஏன்னா அவர் நாற்காலி எனக்குத் தேவைப்பட்டுச்சு. அது கலை.”

மாப்பிள்ளை மணப்பெண்ணின் வலப்பக்கம் போய் நின்றான். அண்ணன் குனிந்து, “தம்பி, மாப்பிள்ளை இடது பக்கம்தான் நிக்கணும், படத்துக்கு அப்படித்தான்,” என்று கிசுகிசுத்தார்.

“இல்லைங்க மாமா. சன்னல் இந்தப் பக்கம் இருக்கு. அவளுக்கு இந்தக் கண்ணு மூடாது, தூசி விழுந்துடும். நான் எப்பவும் காத்து வர்ற பக்கம்தான் நிப்பேன்.”

அண்ணன் நிமிர்ந்து, மகளின் முகத்தை, அதன் அசையாத பாதியை, நெடுநேரம் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்பது அவருக்கே தெரிந்திராது. நாற்பத்தொன்றாம் தருணம் என்று எவரும் அறிவிக்காமலே அவர் கண் நிறைந்தது.

“முகம்னு பாத்தா எல்லாம் ஒண்ணுதான்,” என்றது கைபேசி. “அதுக்காக ஒருத்தர் முகத்தை அவருக்கே காட்டிடக் கூடாது. கெட்ட பழக்கம் ஆயிடும்.”

மணமக்கள் கைகோத்தார்கள். அக்கா அவர்களுக்கு நேர் எதிரே வந்து, கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனார். முழங்கைகளை விலாவோடு ஒட்டி நிறுத்திக்கொண்டார்.

“அத்தை, எங்க பாக்கட்டும்?”

“என்னைப் பாரு.”

“நேராவா?”

“நேரா.”

அவள் பார்த்தாள். கழுத்து ஒருகணம் பழக்கத்தால் வலப்பக்கம் அசைந்தது. பிறகு திரும்பி வந்து நடுவில் நின்றது. பாதி முகம் சிரித்தது. மீதி முகம் அச்சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அழுத்தினார். பின்னர் சாளரத்து ஒளியில் மேலும் சிலவற்றை எடுத்தார். எவரையும் நிறுத்தவில்லை, எவரும் அவருக்காக நிற்கவும் இல்லை.

தலைவர் முடித்தபோது பதிவாளர் அம்மையார் அடுத்த கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். “புரிஞ்சுதா?” என்றது கைபேசி. “புரிஞ்சுதுங்கய்யா,” என்றார் அலுவலர். தொடர்பு அறுந்தது. பறிமுதல் செய் என்று சொல்லத் தலைவர் மறந்திருந்தார். அலுவலர் சுவரிலிருந்து திரும்பினார். நெற்றியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளை தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு, கேமராவின் பின்திரையில் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார், தம் பையிலிருந்த பேரவை அளவுகோலை அதன்மேல் வைத்தார், குறிப்பேட்டில் ‘இடம்: மூன்று கோடு. வலம்: இல்லை’ என்று எழுதினார், இறங்கிப் போனார். கடமை தவறாதவர்களை வேறு எதுவும் தீண்டுவதில்லை.

அடுத்த வாரம் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. மேற்படி நாளில் மேற்படி அறையில் அங்கீகரிக்கப்பட்ட தருணம் ஒன்றுகூட நிகழாமையால், அங்கே திருமணம் ஏதும் நடக்கவில்லை. எக்ஸ்ரே அக்காவின் பெயர் வாழ்நாள் முழுமைக்கும் நீக்கப்பட்டது. தீர்மானத்தைப் படித்துக் காட்டிய தலைவரின் உரை தனி நூலாக வந்திருக்கிறது. முகப்பில் அவர் படம், அதே நாற்காலியில்.

நடக்காத அத்திருமணத்தின் செய்தி மெல்லப் பரவியது. முதலில் முன்பற்கள் இரண்டை இழந்த ஒரு மாப்பிள்ளை அக்காவின் கதவைத் தட்டினார். பிறகு, சிரித்தால் கண்கள் காணாமல் போகும் ஒரு பெண். கேமராவைக் கண்டால் விக்கல் எடுக்கும் ஒருவர், தம்மைப் போலவே விக்கல் எடுக்கும் ஒருத்தியோடு வந்தார். ஒருநாள் நரைத்த தலையோடு ஒருவரும், அவர் கையைப் பிடித்தபடி ஒரு பெண்மணியும் வந்து, “நாலாயிரம் தடவை எங்களுக்குப் பழக்கம்தான். இந்தத் தடவை நெசமா,” என்றார்கள். மொட்டைமாடி, தறிக்கூடம், படகுத்துறை என்று ஒவ்வொன்றையும் மண்டபமாக அறிவித்துப் பேரவை ஓயாமல் சுற்றறிக்கை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. அதன் அச்சகத்துக்கு நல்ல வேலை.

அண்ணன் மகளின் படத்தை அக்கா தம் கையாலேயே அச்சிட்டார். அது உலர்ந்த அன்று விடியலில் குளித்து, விளக்கேற்றி, தாம் நாள்தோறும் வணங்கும் தெய்வத்தின் முன் அதை வைத்தார். திருப்பி வைக்கவில்லை, நேரே வைத்தார். வாய்க்குள்ளே ஒரு பழம்பாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒரு சொல்லும் விடாமல் பாடினார். கைகூப்பினார். விளக்கின் ஒளி தெய்வத்தின் முகத்திலும் படத்திலிருந்தவள் முகத்திலும் ஒரே அளவில் விழுந்தது.

மணந்தவர் மனை விளங்குக. மழை பருவம் தவறாது பெய்க. அவர்கள் வாயிலுக்கு வந்தவர் பசியோடு திரும்பாதிருக்க. அவள் மாணவர் அவள் போட்ட கணக்கில் பிழை கண்டு மகிழ்ந்து வளர்க. அவன் செப்பனிட்ட சக்கரங்கள் நெடுந்தொலை செல்க. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே நோக்கி நீடு வாழ்க.